பழைய கணினியை மாற்றப் போகிறீர்களா? எந்த இயங்குதளம் என்று அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி மாற்றும் நேரம் வந்தால் சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னைக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் நான்காவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

1. கணினி ரொம்ப மெதுவாகிவிட்டது. புதிது வாங்கியே ஆக வேண்டுமா?

முதலில் அதற்குள் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்று பாருங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால், மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். தட்டு சுழன்று, ஊசி நகர்ந்து தகவலைத் தேடி எடுக்க வேண்டும். எஸ்எஸ்டியில் நகரும் பாகம் எதுவும் கிடையாது. அதை மாற்றிப் போட்டாலே, ஆன் செய்துவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வர வேண்டியிருந்த கணினி ஒரு நிமிடத்துக்குள் தயாராகிவிடும். ராம் 4 ஜிபி மட்டும் இருந்தால் 8 ஆக்குங்கள். இன்றைய பிரவுசரில் நாலைந்து பக்கங்களைத் திறந்தாலே 4 ஜிபி மூச்சுத் திணறும்.

இந்த இரண்டையும் செய்துவிட்டு இன்னும் மூன்று நான்கு வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் கணினிக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் வேகம் கூடியும் பயனில்லை.

2. விண்டோஸ் 10 நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கணினி நின்றுபோகாது, கோப்புகளும் எங்கும் போகாது. ஆனால் அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள். தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் பெறலாம் என்று ஒரு நீட்டிப்பை அறிவித்தார்கள். யோசிக்க அவகாசம் என்று மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் திறக்கும் கணினி என்றால் அப்டேட் நின்ற இயங்குதளத்தில் ஒரு மாதம்கூட ஓட்டாதீர்கள். இணையத்தோடு இணைக்காமல் பழைய மெஷின் ஒன்றை இயக்க மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்றால் அது வேறு விஷயம், அப்படியே இருக்கட்டும்.

3. விண்டோஸ் 11 என் கணினியில் ஏறாது என்று வருகிறதே?

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-க்குச் சில நிபந்தனைகள் உண்டு. 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும் எல்லாரிடமும் இருக்கும். பலரைத் தடுப்பது மற்ற இரண்டு. ஒன்று, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப். அடுத்தது, பிராசஸரின் வயது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை, அதாவது 2017 பின்பாதியிலிருந்து வந்தது. ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டிபிஎம் இல்லை என்று வருகிற கணினிகள் பலவற்றில் அது இருக்கிறது, பயோஸ் அமைப்பில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்பு) அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இன்டெல்லில் 'பிடிடி' என்றும் ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்றும் அதற்குப் பெயர் இருக்கும். அதை ஆன் செய்துவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள். பிராசஸர்தான் பழையது என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. நிபந்தனையை ஏமாற்றி ஏற்றும் வழிகள் இணையத்தில் கிடைக்கின்றன. அப்படி ஏற்றிய கணினிக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்ற உறுதி கிடையாது. வேலைக்கு நம்பியிருக்கும் கணினியில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

4. சரி, மாற்றத்தான் போகிறேன். எதை வைத்து முடிவெடுப்பது?

எல்லாரும் "விண்டோஸ் நல்லதா, மேக் நல்லதா, லினக்ஸ் நல்லதா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அங்கே ஆரம்பித்தால் முடிவே வராது. இரண்டு வாரம் ஒரு தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் எதைத் திறந்தாலும் அதன் பெயரைக் குறித்து வையுங்கள்: மென்பொருள், இணையதளம், செருகிய கருவி எல்லாம். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் செய்யும் வேலைகளை யோசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். வரி தாக்கல், ஆல்பம் தயாரிப்பு, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்றவை. மாற்றிய பிறகு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இவற்றில்தான்.

பிறகு அந்தத் தாளில், பிரவுசரிலேயே நடந்துவிடும் வேலைகளை எல்லாம் அடித்துவிடுங்கள். மின்னஞ்சல், வீடியோ, வங்கி, இணையவழி ஆவணங்கள் எல்லாம் போய்விடும். அவை எந்த இயங்குதளத்திலும் ஒன்றுதான். அடுத்து, இன்னொன்றை வைத்துச் சமாளிக்கக்கூடியவற்றை அடியுங்கள். மிச்சம் ஒன்றிரண்டு நிற்கும். உங்களுக்கு எது தேவை என்பதைச் சொல்வது அவைதான். ஒரு கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுகிறதா? விண்டோஸ்தான், மேலே யோசிக்க வேண்டாம். வீடியோ எடிட்டிங் 'ஃபைனல் கட்'டில் செய்கிறீர்களா? கணினிகளில் அது மேக்கில் மட்டும்தான். தாள் வெறுமையாகிவிட்டதா? அப்படியென்றால் உங்களுக்கு எதுவும் சரிப்படும், சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கலாம். அப்படி வெறுமையாகிறவர்கள் நிறையப் பேர், ஆனால் எழுதிப் பார்க்கும் வரை அது அவர்களுக்கே தெரிவதில்லை.

அப்புறம், உங்களுக்குச் சந்தேகம் வந்தால் கேட்க யார் இருக்கிறார்கள்? வீட்டில் எல்லாரும் மேக் வைத்திருக்க, நீங்கள் மட்டும் லினக்ஸ் போட்டால் இரவு பத்து மணிக்கு வரும் சிக்கலை நீங்களே தீர்க்க வேண்டும். இதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

5. பழகிய விண்டோஸிலேயே இருந்துவிட்டால் என்ன?

தாராளமாக இருக்கலாம். பெரும்பாலான மென்பொருள்களும் கருவிகளும் முதலில் விண்டோஸை நினைத்துத்தான் செய்யப்படுகின்றன. வாங்கும்போது 16 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை முதன்முறை அமைக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையச் சொல்லும். புதுக் கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டு, அந்தப் பூட்டின் மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் போய்ச் சேரும். சாவியைக் காகிதத்தில் எழுதி எடுத்து வையுங்கள். கணக்கின் கடவுச்சொல்லும் போய், சாவியும் இல்லை என்றால் உள்ளே இருப்பதை யாராலும் எடுத்துத்தர முடியாது.

6. ஏஆர்எம் விண்டோஸ் லேப்டாப் என்கிறார்களே, அது என்ன?

ஏஆர்எம் என்பது இன்டெல், ஏஎம்டியிலிருந்து வேறுபட்ட, போன்களில் இருப்பது போன்ற சிப் வகை. 2024 நடுவிலிருந்து ஸ்னாப்டிராகன் எக்ஸ் என்ற அந்த வகைச் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்கள் வருகின்றன. பேட்டரி நன்றாக நிற்கிறது. இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்கென்று எழுதிய வழக்கமான மென்பொருள்கள் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு அடுக்கு ஒன்றின் வழியாக ஓடிவிடுகின்றன. ஆனால் டிரைவர்களை, அதாவது கருவிகளைக் கணினியோடு பேச வைக்கும் நிரல்களை, அப்படி மொழிபெயர்க்க முடியாது, அந்தச் சிப்புக்கென்றே எழுதியிருக்க வேண்டும். பழைய ஸ்கேனர், டோக்கன், ஆய்வுக் கருவி ஏதாவது உங்கள் தாளில் இருந்தால் இதை வாங்காதீர்கள்.

7. மேக்குக்கு மாறலாமா?

வன்பொருளும் இயங்குதளமும் ஒரே நிறுவனத்திலிருந்து வருவதால் டிரைவர் தேடும் வேலை குறைவு. 2020 நவம்பரில் எம்1 சிப் வந்ததிலிருந்து மேக் லேப்டாப்கள் சூடாகாமல், சத்தமில்லாமல், நாள் முழுக்க ஓடுகின்றன. ஐபோன் வைத்திருப்பவர்களுக்குப் படங்களும் செய்திகளும் தானாக வந்து சேர்வது பெரிய வசதி.

ராமையும் சேமிப்பிடத்தையும் வாங்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும். எம் வரிசை மேக்கில் ராமைப் பின்னால் கூட்டவே முடியாது. 'பூட் கேம்ப்' வழியாக மேக்கிலேயே விண்டோஸ் போட்டுக்கொண்ட காலமும் இன்டெல் மேக்கோடு முடிந்தது.

8. யாரோ ஒருவர் பழைய இன்டெல் மேக் தருகிறார். வாங்கிக்கொள்ளலாமா?

2025 செப்டம்பரில் வந்த மேக்ஓஎஸ் 26 டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. அதுவும் 2019, 2020-இல் வந்த சில மாடல்களில் மட்டும்தான் ஏறும். நெடுநாள் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் வேண்டாம். லினக்ஸ் போட்டுப் பழகுவதற்கென்றால் நல்ல பெட்டிதான், வைஃபை மட்டும் கொஞ்சம் படுத்தலாம்.

9. லினக்ஸ் சாதாரண மனிதர்களுக்கு ஆகுமா?

ஆகும். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கியது இன்று உலகின் சர்வர்களில் பெரும்பகுதியை இயக்குகிறது. ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தால் லினக்ஸின் கருவை ஏற்கெனவே சட்டைப்பையில் சுமந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். கருப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும் என்ற பயம் பழைய காலத்துப் பயம். இன்று பிரவுசர், கோப்புகள், லிப்ரெஆபிஸ் என்ற இலவச ஆபிஸ் மென்பொருள் எல்லாம் சுட்டியால் சொடுக்கித் திறப்பவைதான்.

விண்டோஸிலிருந்து வருகிறவர்களுக்கு நான் கொடுப்பது லினக்ஸ் மின்ட். கீழே பட்டி, இடது மூலையில் மெனு என்று கைக்குப் பழகிய இடங்களிலேயே எல்லாம் இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. உபுண்டுவும் நல்லது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பை மட்டும் போடுங்கள், ஐந்தாண்டுகளுக்கு அப்டேட் வரும். நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கின்றன என்று மலைக்காதீர்கள். புதிதாக வருகிறவருக்கு இந்த இரண்டும் போதும்.

லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது, போடுவதற்கு முன்பே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான். பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள். டிஸ்க்கில் எதையும் தொடாமல் முழு இயங்குதளமும் எழுந்து நிற்கும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று ஒரு மாலை முழுக்கச் சோதியுங்கள். கைரேகை உணரி பல லேப்டாப்களில் வேலை செய்யாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். விண்டோஸ் 11 ஏறாது என்று ஒதுக்கப்பட்ட கணினிகள் மின்ட்டில் உற்சாகமாக ஓடுவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது.

10. லினக்ஸில் எது ஓடாது?

ஃபோட்டோஷாப் உள்ளிட்ட அடோபி மென்பொருள்கள், கணினியில் நிறுவும் மைக்ரோசாஃப்ட் ஆபிஸ், விண்டோஸுக்கென்றே எழுதிய பல கணக்கு மென்பொருள்கள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் 'வைன்' என்ற அடுக்கின் வழியாகச் சில ஓடும், சில ஓடாது. ஓடுவதும் அடுத்த அப்டேட்டில் நின்றுபோகலாம். சம்பளம் தரும் வேலையை வைனின் மேல் வைக்காதீர்கள். வேர்டு கோப்புகளை லிப்ரெஆபிஸ் திறக்கும், எளிய கடிதங்களில் வித்தியாசம் தெரியாது. மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்புகளும், மற்றவரோடு மாறி மாறித் திருத்தும் ஆவணங்களும் உங்களிடம் இருந்தால் விண்டோஸிலோ மேக்கிலோ இருப்பதே நிம்மதி.

11. கேம் விளையாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

விண்டோஸ். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த, வைன் மாதிரியான புரோட்டான் அடுக்கால் அந்தக் கடையில் இருக்கும் ஏராளமான கேம்கள் இப்போது லினக்ஸிலும் ஓடுகின்றன. ஆனால் வேலரன்ட், ஃபோர்ட்நைட் மாதிரி கடுமையான ஏமாற்றுத் தடுப்பு கொண்ட ஆன்லைன் கேம்கள் பல ஓடாது. பிள்ளைகள் கேட்பதும் அவற்றைத்தான்.

12. குரோம்புக் போதுமா?

கூகுளின் குரோம்ஓஎஸ் இயங்குதளம் போட்டு வரும் லேப்டாப்தான் குரோம்புக். உங்கள் தாள் முழுக்க பிரவுசர் வேலைதான் என்றால் போதும். வைரஸ் தொல்லை மிகக் குறைவு, அப்டேட் தானாக நடந்துவிடும். குரோம்புக் ஒவ்வொன்றுக்கும் அப்டேட் முடியும் தேதி உண்டு. புதிய மாடல்களுக்கு, அவற்றின் அடிப்படை வன்பொருள் வெளிவந்த நாளிலிருந்து பத்தாண்டு. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து கணக்கு இல்லை. ஆகவே ஐந்து வருடமாக அலமாரியில் கிடந்த மாடலை வாங்கினால் ஐந்து வருடமோ அதற்கும் குறைவோதான் மிச்சம்.

பழைய கணினியிலேயே போட்டுக்கொள்ள குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் 2022-இல் வந்தது. இலவசம்தான், ஆனால் அதில் ஆண்ட்ராய்டு செயலிகள் கிடையாது.

13. தமிழில் தட்டச்சு செய்வது எதில் சுலபம்?

எல்லாவற்றிலும் ஆகும். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 11, மேக், குரோம்ஓஎஸ் மூன்றிலும் உள்ளேயே இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒலிப்புப்படி அடிக்கும் அஞ்சல் முறையும் மேக்கில் உண்டு. லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்ற இரண்டையும் நிறுவினால் தமிழ் 99, ஒலிப்பு முறை, பழைய தட்டச்சு முறை மூன்றும் வந்துவிடும். இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் இரண்டும் விண்டோஸுக்கானவை. அவற்றில் விரல் பழகியவர்கள் மாறும் முன் புது இடத்தில் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள்.

எழுத்துருவில்தான் உண்மையான சிக்கல். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் எழுதிய கோப்பு எங்கும் தமிழாகத்தான் திறக்கும். ஆனால் லதா என்ற விண்டோஸ் எழுத்துருவில் அமைத்த பக்கத்தை, லதா இல்லாத இடத்தில் திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்ளும், வரிகள் நகரும், பக்க எண்ணே மாறும். புது விண்டோஸிலும் லதா தானாக வராது, விருப்ப வசதிகளில் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்று தேடி நிறுவ வேண்டும். இரண்டு மூன்று கணினிகளில் மாறி மாறி வேலை செய்பவர்கள் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்றை எல்லாவற்றிலும் நிறுவிக்கொள்ளுங்கள்.

பாமினி, டாம், டாப், டிஸ்கி போன்ற பழைய முறைகளில் அடித்த கோப்புகள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அப்பா பல வருடமாகப் பாமினியில் அடித்து வைத்திருந்த கடிதங்களைப் புதுக் கணினிக்கு மாற்றினேன். திறந்தபோது ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதேதோ ஓடியது. எல்லாம் அழிந்தே போய்விட்டது என்று நினைத்து அன்றிரவு நான் தூங்கவில்லை. எதுவும் அழியவில்லை. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்த எழுத்துரு. அது இல்லாத கணினிக்கு அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியும். பழைய கணினியின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து அந்தக் கோப்பை எடுத்துப் போட்டதும் அப்பாவின் வரிகள் திரும்பி வந்தன. ஆகவே கணினியை யாருக்காவது கொடுக்கும் முன், அதில் இருக்கும் பழைய தமிழ் எழுத்துருக்களையும் நகலெடுத்துவிடுங்கள். பிறகு நேரம் கிடைக்கும்போது மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

14. பிரிண்டர், ஸ்கேனர்?

கடந்த பத்தாண்டில் வந்த வைஃபை பிரிண்டர்கள் பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே மேக்கிலும் லினக்ஸிலும் அச்சடிக்கின்றன. பழைய யுஎஸ்பி ஸ்கேனர்களோடுதான் போராட வேண்டியிருக்கும். மாடல் எண்ணையும் இயங்குதளத்தின் பெயரையும் சேர்த்துத் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

15. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்துக்கொள்ளலாமா?

வைக்கலாம். முதலில் பேக்கப், பிறகு விண்டோஸின் டிஸ்க் பூட்டுக்கான மீட்புச் சாவி, அதற்கப்புறம்தான் இடத்தைப் பிரிப்பது. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும், லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எழுத முடியாது. இரண்டு எஸ்எஸ்டி போட இடமிருந்தால் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

16. பெற்றோருக்கு வாங்கித் தருகிறேன். எது?

அவர்கள் இப்போது எதைப் பயன்படுத்துகிறார்களோ அதன் அடுத்த பதிப்பு. எழுபது வயதில் ஒரு பொத்தானின் இடம் மாறினால்கூட அவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல். அது முடியாது என்றால், தொலைவிலிருந்து நீங்கள் உதவக்கூடிய எதுவோ அது. உங்களுக்குத் தெரியாத இயங்குதளத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். எழுத்தைப் பெரிதாக்கி, முகப்பில் அவர்களுக்கு வேண்டிய நான்கு ஐகான்களை மட்டும் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுங்கள்.

17. கோப்புகளை எப்படி மாற்றுவது?

வெளி டிஸ்க்கில். அதை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் மூன்று இயங்குதளங்களும் படிக்கும், எழுதும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. ஃபேட்32-இல் 4 ஜிபியைத் தாண்டிய வீடியோ ஏறாது.

படங்களையும் ஆவணங்களையும் எல்லாரும் எடுத்துவிடுகிறார்கள். மறப்பது பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், புக்மார்க்குகள், கணினியில் மட்டும் இறக்கி வைத்த பழைய மின்னஞ்சல்கள், வாங்கிய மென்பொருள்களின் உரிம எண்கள். மேசைத்திரையில் குவிந்து கிடப்பதையும் டவுன்லோட்ஸ் கோப்புறையையும் ஒருமுறை பாருங்கள். முக்கியமானவற்றுக்கு இரண்டு நகல் வேண்டும், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

18. பழைய கணினியை எப்போது அழிக்கலாம்?

புதியதில் குறைந்தது இரண்டு மாதம் வேலை செய்த பிறகு. அதுவரை அப்படியே ஓர் ஓரத்தில் இருக்கட்டும். 'அந்தக் கோப்பு எங்கே' என்ற கேள்வி மூன்றாவது வாரத்தில்தான் வரும்.

கொடுக்கும் நாள் வந்ததும், கோப்புகளைக் குப்பைத்தொட்டியில் போட்டால் போதாது, திரும்ப எடுத்துவிடலாம். விண்டோஸில் 'ரீசெட்' செய்யும்போது எல்லாவற்றையும் நீக்கி டிரைவைத் துப்புரவாக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். எம் வரிசை மேக்கில் அமைப்புகளுக்குள்ளேயே எல்லாவற்றையும் அழிக்கும் வசதி இருக்கிறது. கணினி ஆன்கூட ஆகவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொண்டு, மிச்சத்தை மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.